நிலக்கரியையும் ரிஃபைனரி ரெசிடியூவையும் கலந்து எண்ணெயாக்கினா என்ன லாபம்?

மூணாம்வருஷம்_கெமிக்கல்:
செமினாருக்கு நிலக்கரி திரவமாக்கல் எடுத்திருக்கேன். இந்த முறையைக் கொண்டுவந்த ஜெர்மன் விஞ்ஞானி பெர்கியஸ் காலத்துல இருந்தே கரித்தூளை எண்ணெயில குழைச்சுதான் ஹைட்ரஜன் ஏத்துறாங்க. அந்த எண்ணெய்க்குப் பதிலா ரிஃபைனரி வேக்கம் ரெசிடியூவை (கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிச்சபிறகு அடியில தங்குற தார் மாதிரி கசடு) ஊத்துறதும் உண்டாம். கரி, ரெசிடியூ ரெண்டுமே கசடு மாதிரிதான். கசடோட கசடு சேர்ந்தா என்ன நல்லது?

பழைய_ஷிஃப்ட்காரன்:
தம்பி, வழக்கமான முறையில வந்த எண்ணெயில ஒரு பங்கைக் கரியைக் கரைக்கத் திரும்ப உள்ளே விடணும். அது ஓசி டிக்கெட் மாதிரி, ரியாக்டர்ல இடத்தை அடைச்சுக்கும், காசு வராது. ரெசிடியூ அப்படியில்ல, கரியைச் சுமந்துக்கிட்டே போய்த் தானும் உடைஞ்சு டீசலாகும். அதுல இருக்கிற நிக்கல், வனேடியம் கரையாத கரிமேல படிஞ்சு வெளியேறிடும். ஒரே குறை, ஹைட்ரஜனைக் கைமாத்திக் கொடுக்கிறதுல ரெசிடியூ கஞ்சன்.

நான் 20 வருஷம் ரெசிடியூ பக்கத்துல நின்னவன். டின்னுல சாம்பிள் பிடிக்கும்போது பாகு மாதிரி ஓடும். லேபுக்கு நடக்கறதுக்குள்ள ஏடு கட்டும், கொஞ்ச நேரத்துல கரண்டி இறங்காது. ஒரு மழை ராத்திரி பைப்பைச் சுத்தின ஸ்டீம் டியூப் நின்னுபோய் 40 அடி உறைஞ்சிடுச்சு. விடிய விடிய ஸ்டீம் ஹோஸ் பிடிச்சோம். உள்ள கரித்தூளும் இருந்திருந்தா பைப்பை அறுத்துத்தான் எடுத்திருக்கணும்.

மூணாம்வருஷம்_கெமிக்கல்:
நன்றி சார். நெய்வேலி கரி ஆகுமா?

பழைய_ஷிஃப்ட்காரன்:
வெட்டி எடுக்கும்போதே பாதி தண்ணி. காய வச்சாலும் ஆக்ஸிஜன் ஜாஸ்தி, நீ காசு போட்டுச் செஞ்ச ஹைட்ரஜனைத் தண்ணியாக்கிடும். சாம்பல் கம்மிங்கிறது மட்டும் ஆறுதல். ஒடிசா கரின்னா சாம்பலே 40% வரைக்கும் போகும், கிட்டயே போகாதே. அசாம் கரியைப் பாரு. சாம்பல் கம்மி, கந்தகம் அதிகம். மத்த இடத்துல சாபமான அந்தக் கந்தகம் இங்க வரம், இதுக்குப் போடற இரும்பு வினையூக்கி கந்தகத்தோட சேர்ந்து சல்ஃபைடானாதான் வேலை செய்யும். துலியாஜான்ல ஆயில் இந்தியா அந்தக் கரிக்குப் பைலட் பிளான்ட் வச்சிருந்தாங்க.

வால்வு_மெக்கானிக்:
பெரியவர் சாம்பலோட விட்டுட்டார். 150 பாருக்கு மேல அழுத்தத்துல இருக்கிற கரிக்குழம்போட அழுத்தத்தை ஒரே வால்வுல இறக்கும்போது சாம்பல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ரொம்பக் கெட்டியான டங்ஸ்டன் கார்பைடுல செஞ்ச ட்ரிம்லயும் (வால்வோட உள்பாகம்) ஓடை விழும். ஜெர்மனி பாட்ராப்ல 1981ல நாளைக்கு 200 டன் கரிக்குன்னு கட்டின பிளான்ட்டை, எண்ணெய் விலை சரிஞ்சதும் கரியை விட்டுட்டு ரெசிடியூவுக்கு மாத்திட்டாங்க.

மூணாம்வருஷம்_கெமிக்கல்:
அப்ப இப்ப யாருமே கலந்து ஓட்டலையா?

பழைய_ஷிஃப்ட்காரன்:
சீனாவுல யான்சாங் பெட்ரோலியம் ஓட்டிக் காட்டினாங்க, வருஷத்துக்கு 4.5 லட்சம் டன் அளவுல. அந்த ஜெர்மன் முறையோட வாரிசுதான். செமினார்ல வால்வு படம் ஒண்ணு போடு, கேள்வி அங்கதான் வரும்.