'மாஸ்கரேட்' முயல் புதிர்: விடை வேண்டாம், துப்பு மட்டும் போதும்

மழைக்காகிதம்:
பழைய புத்தகக் கடையில் கிட் வில்லியம்ஸ் எழுதி வரைந்த 'மாஸ்கரேட்' கிடைத்தது. 1979-இல் வந்த புத்தகம். நிலவு சூரியனுக்குக் கொடுத்தனுப்பும் நகையை ஒரு முயல் வழியில் தொலைத்துவிடுகிறது என்பது கதை. வில்லியம்ஸ் தங்கத்தில் முயல் ஒன்று செய்து, நிஜமாகவே பிரிட்டனில் ஓரிடத்தில் புதைத்துவிட்டு, இடத்துக்கான துப்பைப் புத்தகத்துக்குள் ஒளித்திருந்தார். 1982-இலேயே அதை எடுத்துவிட்டார்கள் என்று தெரியும். எனக்குத் தங்கம் வேண்டாம், புதிரை நானே அவிழ்க்க வேண்டும்.

மூன்று வாரமாகிறது. கதையில் வரும் எண்களைக் கூட்டினேன், பத்திகளின் முதல் எழுத்துகளைக் கோத்தேன், ஒன்றும் தேறவில்லை. பதினைந்து படங்களிலும் ஒளிந்திருக்கும் முயலைக் கண்டுபிடித்துவிட்டேன். அப்புறம் என்ன செய்வது? விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

சும்மா_வந்தவன்:
இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்குமே. எதற்கு இந்தப் பாடு?

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:
அவர்தான் வேண்டாம் என்கிறாரே.

தம்பி, கதையை மூடி வையுங்கள். நானும் அதில் ஒரு மாதம் தொலைத்தவன். தொடக்கத்தில் வரும் செய்யுளில், புதிரை அவிழ்க்கக் கண்களைப் பயன்படுத்து என்று இருக்கிறதல்லவா? கூர்ந்து பார்க்கச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். படத்தில் இருப்பவர்களுக்கும் கண் உண்டு. இத்தோடு நிறுத்திவிட்டு இரண்டு நாள் முயலுங்கள். முடியாவிட்டால் மட்டும் கீழே படியுங்கள்.

.
.
.

படத்திலுள்ள ஓர் உயிரின் இடது கண்ணிலிருந்து, அதன் இடது கையின் மிக நீளமான விரல் வழியாக ஒரு நேர்கோடு இழுங்கள். படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தில் எந்த எழுத்தில் கோடு முட்டுகிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே கண்ணிலிருந்து இடது காலின் நீளமான விரல் வழியாக. பிறகு வலது கண்ணும் வலது கையும், கடைசியாக வலது கண்ணும் வலது காலும். கண்ணோ விரலோ தெரியாவிட்டால் அந்தக் கோட்டை விட்டுவிடலாம். மனிதர், விலங்கு எல்லாவற்றுக்கும் இதே முறைதான். எந்த உயிரை முதலில் எடுப்பது என்பதற்கு நியூட்டன் இருக்கும் படத்தில் வழி உண்டு. அது பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, கிடைத்த எழுத்துகளைக் கலைத்துப் போட்டாலே சொல் வந்துவிடும்.

முப்பத்துநான்கு வருடம் கட்டிட வரைபடம் போட்ட கை என்னுடையது. எனக்கே முதல் படம் தப்பியது. இடது கண் என்பதை என் பக்கத்து இடது என்று எடுத்துக்கொண்டேன், வந்ததெல்லாம் குப்பை. படத்தில் இருப்பவரின் இடது அது. அப்புறம் ஜெராக்ஸ் எடுத்து அதன்மேல் கோடு போட்டேன். தாள் துளி சாய்ந்திருந்தால் கோடு பக்கத்து எழுத்தில் போய் நிற்கிறது. புத்தகத்தின் மேலேயே டிரேசிங் பேப்பரை விரித்து, கூர் சீவிய பென்சிலால் போடுங்கள். தயவுசெய்து புத்தகத்தில் கிறுக்க வேண்டாம்!

மழைக்காகிதம்:
சார், முதல் படத்தில் 'கேத்தரின்ஸ்' வந்ததும் வீட்டில் கத்திவிட்டேன். ஐந்து இரவு உட்கார்ந்து எல்லாப் படங்களையும் முடித்தாயிற்று. கேத்தரினின் நீண்ட விரல் மண்மேல் நிழல் விழுத்துகிறது, மஞ்சள் தாயத்து புதைந்திருக்கிறது, நடுப்பகல் நேரத்தைக் காட்டும், சம இரவு நாளின் (பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்) ஒளியில் பார் என்கிற மாதிரி வருகிறது. ஆனால் எந்தக் கேத்தரின்? எந்த ஊர்?

கமலி:
பதினைந்து படங்களின் விடைகளையும் ஆங்கிலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முதல் எழுத்துகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். கேத்தரினுக்கு ஒரு துப்பு: ஆறு மனைவிகளைக் கட்டிய ஆங்கில அரசர் எத்தனையாவது ஹென்றி?

மழைக்காகிதம்:
'க்ளோஸ் பை ஆம்ப்ட்ஹில்'! எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி, அராகன் நாட்டுக் கேத்தரின். பெட்ஃபோர்ட் பக்கம் ஆம்ப்ட்ஹில் பூங்காவில் அவர் நினைவாக ஒரு சிலுவைத் தூண் நிற்கிறது. விரல் என்றது அதைத்தானே?

பழைய டிராஃப்ட்ஸ்மேன்:
அதேதான். சம இரவு நாளன்று உச்சிப்பொழுதில் அந்தச் சிலுவையின் நிழல் நுனி எங்கே படுகிறதோ, அங்கே குழி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஊர் வடக்கே 52 பாகையில் இருப்பதால் அன்று நிழல் தூணின் உயரத்தைப்போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல். நம் சென்னையில் அதே நாளில் கால் பங்குகூட வராது. அன்றைய நிழல் நுனி நாள் முழுக்க மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் நகரும். அதனால்தான் 'நடுப்பகல்' என்ற சொல் இல்லாமல் அந்த வாக்கியத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவும் அறியாமல் எங்கெங்கோ தோண்டியிருக்கிறார்கள். பெயரில் முயல் (ஆங்கிலத்தில் 'ஹேர்') இருக்கிறதே என்று ஹேர்ஸ்ஃபீல்ட் பீக்கன் குன்றுக்குக் கூட்டம் போக, 'இங்கே இல்லை' என்று ஒரு பலகை வைக்க வேண்டியதாயிற்று. செலவு வில்லியம்ஸுடையது.

எனக்கு ஆறாதது வேறு. முறையாக அவிழ்த்தவர்கள் இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள். சரியான இடத்தில்தான் தோண்டினார்கள். மெட்டல் டிடெக்டரில் அகப்படாமலிருக்க முயலை ஒரு மண்ஜாடிக்குள் வைத்திருந்தார் வில்லியம்ஸ். அது அவர்கள் வெட்டிப் போட்ட மண்ணோடு வெளியே வந்தும் கண்ணில் படவில்லை. பின்னால் வந்த இன்னொருவர் எடுத்துக்கொண்டார். அவர் புதிரை அவிழ்க்கவே இல்லை, ஆசிரியரின் பழைய தோழி வழியாக விஷயம் கசிந்திருந்தது என்று 1988-இல் பத்திரிகையில் வந்தது. அதே ஆண்டு முயல் ஏலத்தில் 31,900 பவுண்டுக்குப் போனது.

மழைக்காகிதம்:
மண்குவியலைக் கையால் ஒருமுறை துழாவிப் பார்க்கவில்லையா சார்!