ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுவது பற்றி ஆலோசனை தேவை

தும்பி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2021இல் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். காலையில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றினாலும் மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் நின்றுவிட்டன. ஆகவே புதிய கைப்பேசி வாங்க எண்ணியுள்ளேன். சாம்சங் கேலக்சி எஸ் வரிசையிலோ கூகுள் பிக்சலிலோ ஒன்றை வாங்கி ஆண்ட்ராய்டிலேயே தொடர்வதா, ஐபோனுக்கு மாறிவிடுவதா என்பதில்தான் தயக்கம்.

ஒப்பீட்டுக் காணொளிகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். அவற்றில் செயலியின் வேகம், திரையின் ஒளிர்வு, கேமராவின் மெகாபிக்சல் எல்லாம் வருகின்றன. ஆனால் மாறினால் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

மெய்ப்புத் திருத்துவது என் பணி. அதனால் நாள் முழுவதும் கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்கிறேன். கேலக்சி வாட்ச் 5 கட்டியிருக்கிறேன். படங்கள் யாவும் கூகுள் போட்டோஸில் உள்ளன. வாட்ஸ்அப்பில் அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் நிறைய இருக்கின்றன. அவற்றை எக்காரணம் கொண்டும் இழக்க விரும்பவில்லை. ஓடியாடும் பிள்ளைகளைப் படமெடுப்பதும் உண்டு. இரண்டு பக்கமும் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கார்முகில்

வணக்கம். அலுவலகம் தந்தது ஐபோன், சொந்தமாக வைத்திருப்பது ஆண்ட்ராய்டு என்று இரண்டையும் அன்றாடம் கையாள்கிறேன். உங்கள் கேள்வி சரியான இடத்தில் தொடங்குகிறது. உயர்நிலைக் கைப்பேசிகளுக்கிடையே இன்று வேகத்தில் உள்ள வேறுபாடு அன்றாடப் பயன்பாட்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய கைப்பேசியோடு நீங்கள் எவற்றால் கட்டுண்டிருக்கிறீர்கள் என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

முதலில் கடிகாரம். கேலக்சி வாட்ச் 4 தொடங்கி வந்த மாதிரிகள் எவையும் ஐபோனுடன் இணையா. ஆகவே ஐபோனுக்கு மாறினால் உங்கள் வாட்ச் 5 பயனற்றுப் போகும். ஆப்பிள் வாட்சை ஆண்ட்ராய்டுடன் இணைக்க முடியாது என்பதால் பின்னாளில் திரும்பி வருவதும் கடினமாகிவிடும். பிக்சல் வாங்கினால் கடிகாரம் இயங்கும். ஆனால் இதயத்தின் மின்னியக்கத்தைப் பதியும் ஈசிஜி போன்ற சில வசதிகளுக்குச் சாம்சங் கைப்பேசியே வேண்டும். மாறுவதற்கான செலவைக் கணக்கிடும்போது பலர் கைப்பேசியின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். கடிகாரத்தையும், ஏற்கெனவே பணம் செலுத்தி வாங்கிய செயலிகளையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். பிளே ஸ்டோரில் வாங்கியது ஆப் ஸ்டோருக்கு வராது. மாதச் சந்தா செலுத்தும் செயலிகள் மட்டும் பெரும்பாலும் கணக்கைத் தொடர்ந்து வரும்.

வாட்ஸ்அப் குறித்துக் கூடுதல் கவனம் தேவை. கூகுள் டிரைவில் உள்ள காப்புநகலை ஐபோனில் திறக்க முடியாது. 2022 முதல் ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி வழியாக உரையாடல்களை ஊடகக் கோப்புகளோடு நேரடியாக மாற்றும் வழி உள்ளது. அதற்கு ஐபோன் புதிதாகத் திறக்கப்பட்டதாகவோ முழுவதும் அழித்து மீளமைக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே எண் வேண்டும். இரண்டையும் மின்னிணைப்பில் வைத்து, ஒரே வைஃபையில் இணைத்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்த ஆர்வத்தில் ஐபோனை முழுவதும் அமைத்து முடித்துவிட்டு, "பிறகு வாட்ஸ்அப்பைக் கொண்டுவரலாம்" என்று எண்ணினால் மறுபடியும் அனைத்தையும் அழித்துத் தொடங்க வேண்டிவரும். குரல் பதிவுகள் வந்துசேரும். அழைப்புகளின் பட்டியல் வராது.

கூகுள் போட்டோஸ் பற்றிக் கவலை வேண்டாம். அதே செயலி ஐபோனிலும் உண்டு. கணக்கில் நுழைந்தால் படங்கள் அங்கேயே இருக்கும்.

தட்டச்சுதான் உங்கள் விஷயத்தில் முதன்மையானது என்று எண்ணுகிறேன். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 2013இல் வந்த 7ஆம் பதிப்பு முதலே தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் ஐபோனில் உள்ளேயே அமைந்திருக்கின்றன. எதையும் தனியே நிறுவ வேண்டியதில்லை. ஆனால் திருத்தும் வேலையில் சிறுசிறு வேறுபாடுகள் உறுத்தும். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் நீங்கள் நகலெடுத்த பல சொற்றொடர்கள் வரிசையாக நிற்கும். வேண்டியதைத் தொட்டு ஒட்டலாம். ஐபோனின் சொந்த விசைப்பலகையில் கடைசியாக நகலெடுத்தது ஒன்று மட்டுமே இருக்கும். மேல்வரிசையில் எண்களை நிலையாக வைத்துக்கொள்ளும் வசதியும் அதில் இல்லை. ஒரு பத்தியில் மூன்று இடங்களில் ஒரே திருத்தத்தையும் வேறு இரண்டு இடங்களில் இன்னொன்றையும் ஒட்ட வேண்டியிருக்கும்போது இந்த வேறுபாடு கைக்குத் தெரியும். பின்செல்லும் சைகையும் அப்படித்தான்: ஆண்ட்ராய்டில் திரையின் எந்த ஓரத்திலிருந்தும் விரலை இழுத்தால் போதும், ஐபோனில் இடமிருந்து வலமாகத்தான் இழுக்க வேண்டும், அதையும் சில செயலிகள் ஏற்பதில்லை. வலக்கையால் மட்டும் பிடித்துப் பயன்படுத்துபவருக்கு இது சின்ன விஷயமன்று.

நெய்தல்

கார்முகில் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும், நீங்கள் கைப்பேசியை நெடுநாள் வைத்திருப்பவர் என்று தெரிவதால் புதுப்பிப்புகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் விரைவில் கைவிடப்படும் என்ற பழைய எண்ணம் உயர்நிலை மாதிரிகளுக்கு இனிப் பொருந்தாது. 2023இல் வந்த பிக்சல் 8க்குக் கூகுளும், 2024 தொடக்கத்தில் வந்த கேலக்சி எஸ்24க்குச் சாம்சங்கும் 7 ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக உறுதியளித்துள்ளன. ஆப்பிள் இப்படிப் பெரிய எண்ணை விளம்பரப்படுத்துவதில்லை. பிரிட்டனின் சட்டத்துக்காக ஐபோன் 15 புரோ மேக்ஸுக்கு அது எழுதிக் கொடுத்தது குறைந்தபட்சம் 5 ஆண்டுகள் மட்டுமே. நடைமுறையில் அதைத் தாண்டியே ஆப்பிள் செய்து வந்திருக்கிறது: 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024இன் ஐஓஎஸ் 18ஐயும் பெற்றது, அதற்கடுத்த ஐஓஎஸ் 26தான் அதற்குக் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் எழுத்திலுள்ள உறுதிமொழி, மறுபக்கம் நிறைவேற்றிக் காட்டிய வரலாறு. 7 ஆண்டு உறுதி பெற்ற ஆண்ட்ராய்டு எதுவும் இன்னும் அந்த 7 ஆண்டுகளைக் கடந்து வரவில்லை என்பதால், நான் வரலாற்றுக்கே சற்றுக் கூடுதல் மதிப்பளிப்பேன். இன்னொன்று: இந்த ஆண்டுகள் மாதிரி வெளியான நாளிலிருந்து எண்ணப்படுபவை, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல. விலை குறைந்த வரிசைகளுக்கு அதே நிறுவனங்கள் தரும் காலமும் குறைவு.

கேமராவில் மெகாபிக்சலைப் பார்க்க வேண்டாம். எஸ்24 அல்ட்ராவின் 200 மெகாபிக்சல் உணரி, வழக்கமான படத்தில் 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஏறத்தாழ 12 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. ஒளி குறைந்த இடத்தில் அதுவே நல்லது. பிள்ளைகள் ஓடும்போது படம் கலங்குவதற்குக் காரணம் ஷட்டர் திறந்திருக்கும் நேரம். மாலை வெளிச்சத்தில் அறைக்குள் ஓடும் பிள்ளையைக் கடையில் நின்று சோதிக்க முடியாது. இரண்டும் வைத்திருக்கும் நண்பர்களிடம் வாங்கி, உங்கள் வீட்டு விளக்கொளியிலேயே எடுத்துப் பாருங்கள். காணொளிக்கு நான் ஐபோனையே விரும்புவேன். அசையாப் படங்களில் மூன்றும் போட்டியிடக் கூடியவையே.

வல்லினம்

புதிதாக வாங்குவதற்கு முன் பேட்டரியை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே? நான்கைந்து ஆண்டுகள் நாள்தோறும் சார்ஜ் ஏற்றிய லித்தியம் பேட்டரி தளர்வது இயல்பு. ஐபோன் 14 வரையிலான மாதிரிகளில் 500 முழுச் சார்ஜ் சுழற்சிகளுக்குப் பிறகு 80 விழுக்காடு கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1000 சுழற்சிகள். உங்கள் கைப்பேசியும் இவ்வளவு சுழற்சிகளை எப்போதோ கடந்திருக்கும். வேகத்தில் உங்களுக்குக் குறையில்லை என்றால் புதிய பேட்டரியோடு இன்னும் ஓராண்டு ஓட்டலாம். பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஆண்ட்ராய்டின் சில உள்ளுறுப்புகள் பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கப்படுகின்றன.

கார்முகில்

வல்லினம் சொல்வது பாதி சரி. ஆண்ட்ராய்டு 10 முதல் சில பகுதிகளைக் கூகுள் நேரடியாகப் புதுப்பிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), சிப்செட் (முதன்மைச் சில்லுத் தொகுதி), மோடம் (வலையமைப்புடன் இணைக்கும் பகுதி) ஆகியவற்றின் பிழைத்திருத்தங்கள் கைப்பேசி நிறுவனம் அனுப்பினால்தான் வரும். அந்த நிறுவனம் நிறுத்திவிட்டால் ஓட்டைகள் அப்படியே இருக்கும். வங்கிச் செயலிகள் உள்ள கைப்பேசியில் இந்த நிலையை நீட்டிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரியை மாற்றி, வீட்டில் பாட்டுக் கேட்கவும் படிக்கவும் வைத்துக்கொள்வதென்றால் நல்ல யோசனைதான்.

தும்பி

அனைவருக்கும் மிக்க நன்றி. கடிகாரம் இணையாது என்பது எனக்குத் தெரியாத செய்தி. இரண்டு நாட்கள் அண்ணியாரின் ஐபோனில் என் வேலையைச் செய்து பார்த்தேன். அஞ்சல் விசைப்பலகை பழகியதுபோலவே இருந்தது. ஆனால் கார்முகில் சொன்னபடி, ஒட்ட வேண்டிய சொற்களை மீண்டும் மீண்டும் தேடிப்போய் நகலெடுக்க வேண்டியிருந்தது. காணொளி மிகச் சிறப்பாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் என் பிழைப்பு எழுத்தில் இருப்பதால் ஆண்ட்ராய்டிலேயே தொடர முடிவு செய்துள்ளேன். கடிகாரத்துக்காகச் சாம்சங்கையே தேர்ந்தெடுக்கிறேன். சென்ற ஆண்டின் எஸ் வரிசை மாதிரி விலை குறைவாகக் கிடைக்கிறது. அதை வாங்கினால் பிழையாகுமா?

நெய்தல்

பிழையில்லை. 7 ஆண்டுகளில் ஏறக்குறைய ஓராண்டு கழிந்திருக்கும், அவ்வளவே. நீங்கள் பயன்படுத்தும் காலத்துக்கு மீதி போதும். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு வாட்ஸ்அப்பை மாற்ற, செயலியின் அமைப்புகளில் உள்ள உரையாடல் மாற்றத்தைத் தேர்ந்தெடுத்துப் புதிய கைப்பேசியிலுள்ள கியூஆர் குறியீட்டைப் பழையதில் ஸ்கேன் செய்தால் போதும். மாற்றி முடித்ததும் அம்மாவின் பழைய குரல் பதிவுகளில் சிலவற்றை இயக்கிக் கேட்டுப் பாருங்கள். வங்கிச் செயலிகளும் இருபடிச் சரிபார்ப்புச் செயலியும் புதியதில் இயங்குவதை உறுதிசெய்யும் வரை பழைய கைப்பேசியை அழிக்க வேண்டாம்.