மரம் ஏறிய பூனையை இறக்கிய கதைகள்

சத்துவாச்சாரியிலிருந்து:

எங்கள் தெருமுனையில் நிற்கும் வேப்பமரத்தில், சென்ற சித்திரை மாதம், ஒரு பூனை ஏறி இருபது மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் இருந்தது. அதைக் கீழே கொண்டுவர நானும் தெருக்காரர்களும் செய்தவற்றில் பெரும்பகுதி அதை இன்னும் உயரத்துக்கு அனுப்பவே பயன்பட்டது என்பதால், எங்கள் தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அது யாருக்கும் சொந்தமில்லாத, மூன்று வீடுகளில் சோறு தின்னும் செம்பழுப்பு நிறப் பெண்பூனை. விடியற்காலையில் இரண்டு தெருநாய்கள் துரத்த, முதல் கவட்டை வரை, அதாவது பத்தடி உயரத்துக்கு, ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்போதே நாய்களை விரட்டிவிட்டு நாங்களும் வீட்டுக்குள் போயிருந்தால் காலைக் காபிக்கு முன் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் ஏழு மணிக்குள் மரத்தடியில் சிறுவர் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியைக் கொண்டுவந்து பூனையின் பின்புறத்தைத் தள்ளினார். அது இருபதடிக்குப் போனது. இன்னொருவர் தோட்டக் குழாயால் தண்ணீர் பீய்ச்சினார். அது ஒரு மெல்லிய கிளையின் நுனிக்கு நகர்ந்தது. குஞ்சு பொரிக்கும் காலமாதலால் அந்த மரத்துக் காகங்கள் இரண்டும் தம் பங்குக்குத் தலையில் கொத்த ஆரம்பித்தன. தட்டில் மீன் குழம்புச் சோற்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் "வாம்மா, வாம்மா" என்று அண்ணாந்து கூப்பிட்டவன் நான்தான்.

பூனை ஏன் இறங்கவில்லை என்பது அதே மரத்தில் ஓடிய அணிலைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அணில் தன் பின்னங்கால் கணுவைப் பின்பக்கமாகத் திருப்பி, நகங்களை மரப்பட்டையில் மாட்டிக்கொண்டு, தலைகீழாகவே இறங்கிவிடுகிறது. வீட்டுப் பூனையின் கணுவுக்கு அந்தத் திருப்பம் கிடையாது. அதன் நகங்கள் பின்னோக்கி வளைந்த கொக்கிகளாக இருப்பதால் ஏறும்போது உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்கின்றன. தலைகீழாக இறங்க முயலும்போதோ அதே கொக்கிகள் பிடிமானம் இல்லாமல் வழுக்குகின்றன. எனவே பூனை பின்பக்கமாக, அடியெடுத்து வைக்கும் இடத்தைப் பார்க்காமலே, மெல்ல மெல்ல இறங்க வேண்டும். கீழே நாயும் துரட்டியும் கூச்சலும் இருக்கும்போது எந்த உயிர் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கும்?

முற்பகலில் 101 எண்ணுக்கு அழைத்தோம். பேசியவர் மூன்று கேள்விகள் கேட்டார்: பக்கத்தில் மின்கம்பி இருக்கிறதா, குட்டியா பெரிய பூனையா, எப்போதிலிருந்து இருக்கிறது. தீயணைப்பு வீரர்கள் ஏணியோடு வந்தார்கள். ஒருவர் ஏறிக் கைநீட்டும் தூரம் வரை போனபோது பூனை இன்னும் நுனிக்கு நகர்ந்தது. அவர் அத்துடன் நிறுத்திவிட்டு இறங்கினார். கிளை ஒடிந்தால் இரண்டு பேரும் விழுவோம், இன்றிரவு விட்டுப் பாருங்கள், காலையிலும் இருந்தால் வலையோடு வருகிறோம் என்றார். எதிர்வீட்டு ஆயா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்: "நீங்க எல்லாம் கலைஞ்சு போங்கடா, அது தானா எறங்கிடும்." ஆயா சொன்னபோது கேட்காத நாங்கள், சீருடை போட்டவர் சொன்னதும் கேட்டோம்.

இரவு நாய்களுக்கு அடுத்த தெருவில் சோறு வைத்து அங்கேயே நிறுத்தினோம். ஒரு மூங்கில் ஏணியில் கோணிப்பையைச் சுற்றிக் கட்டி, முதல் கவட்டைக்கு நன்றாகச் சாய்த்து வைத்தோம். தோசைக்கல்லில் வாட்டிய நெத்திலிக் கருவாட்டை ஏணியின் அடியில் வைத்துவிட்டு எல்லோரும் விளக்கணைத்துப் படுத்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டரை மணி அளவில் பட்டையில் நகம் உரசும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்: வால் முதலில் வந்தது, பிறகு ஒரு பின்னங்கால் காற்றில் துழாவி இடம் தேடியது, சறுக்கியது, நின்றது. கவட்டைக்கு வந்து சேர ஏறக்குறைய பத்து நிமிடம் ஆயிற்று. அதன்பின் கோணிமேல் நான்கே எட்டு. கடைசி ஐந்தடியில் திரும்பிக் குதித்துவிட்டது. வாளியில் இருந்த தண்ணீரை நெடுநேரம் நக்கிக் குடித்தது. கருவாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குடியாத்தம் பக்கத்திலிருந்து:

மேலே எழுதியவர் சொல்வது கிளை பிரிந்த மரத்துக்குப் பொருந்தும். தென்னைக்குப் பொருந்தாது. எங்கள் தோப்பில் ஐம்பதடி மரத்தின் குருத்தடியில் உட்கார்ந்த பூனைக்காக இரண்டு இரவுகள் காத்திருந்தோம். நடுவில் நின்று இளைப்பாற ஒரு கிளை கிடையாது, சாய்வும் கிடையாது. அது எட்டிப் பார்த்துவிட்டு மட்டைகளுக்குள்ளேயே போய்விடும். மூன்றாம் நாள் காலையில் வழக்கமாகத் தேங்காய் பறிக்க வரும் அண்ணனை அழைத்தோம். "காய்னா ஒரு கூலி, நகம் இருக்கிற காய்னா வேற கூலி" என்று சிரித்துக்கொண்டே காலில் தளைக்கயிறு மாட்டி ஏறினார். இடுப்பில் ஒரு கோணிப்பையும் நீளமான கயிறும் இருந்தன. பூனையைப் பிடரியில் பிடித்துப் பைக்குள் தள்ளி, வாயைக் கட்டிக் கயிற்றில் மெல்ல இறக்கினார்.

அதற்கு முன் ஒருவர், "தள்ளிவிடுங்க, பூனை எப்படி விழுந்தாலும் நாலு காலில்தான் நிற்கும்" என்றார். நிற்கும் என்பது உண்மைதான். காயமில்லாமல் நிற்கும் என்பது உண்மையில்லை. நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் வெளியான ஆய்வில் 90 விழுக்காடு பிழைத்தன என்று உண்டு. அதை எல்லோரும் சொல்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு நெஞ்சில் அடியும் தாடை, கால் முறிவும் இருந்ததையும், விழுந்த இடத்திலேயே செத்தவை மருத்துவமனைக்கு வந்திருக்கவே மாட்டா என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

மரமேறிய அண்ணனின் முன்கையில் இரண்டு நீளக் கீறல்கள் விழுந்து ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துக்கொள்கிறேன் என்றவரை விடாமல், குழாயடியில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவவைத்து, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். நாய்க்கடிக்குப் போடும் அதே வெறிநோய்த் தடுப்பூசிதான். முதல் நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாள்கள். "பூனைதானே" என்று மூன்றாம் ஊசிக்கு வர மறுத்தார். பூனையாலும் வெறிநோய் வரும் என்பதால் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனேன்.

ஆற்காட்டிலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன். முருங்கை மரத்தில் குட்டி இருந்தால் ஆள் ஏற வேண்டாம். எங்கள் உறவுக்காரப் பையன் ஏறினான், கிளை முறிந்து அவனுடைய முழங்கைதான் முறிந்தது. குட்டி அங்கேயே இருந்தது. பிறகு கிளைக்கு மேல் கயிறு வீசிப் பழந்துணி போட்ட கூடையைக் குட்டிக்கு அருகில் ஏற்றி நிறுத்தி, தாய்ப்பூனையை நேர்கீழே கட்டிலில் விட்டோம். தாய் கத்தக் கத்தக் குட்டி கூடைக்குள் இறங்கியது. மின்கம்பி உரசும் மரமென்றால் மின்வாரியத்தில் சொல்லி, இணைப்பை நிறுத்திவிட்டதாக அவர்களே உறுதி சொல்லும்வரை ஏணியைக்கூடச் சாய்க்காதீர்கள்.

மீண்டும் சத்துவாச்சாரியிலிருந்து:

தென்னையைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கிளைவிட்ட மரம், வளர்ந்த பூனை, காயமில்லை, கம்பியில்லை என்றால் ஓர் இரவு விடலாம் என்பது என் கருத்து. ஆனால் நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது நிழலில்லாத கிளையில் இருக்கும் பூனைக்கு அந்தக் கணக்கு செல்லாது. நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே ஆளை அழைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் கொழுத்த பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து நோயாகிவிடக்கூடும். இறங்கிய பிறகு சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டியது அவசியம்.

எங்கள் செம்பழுப்புப் பூனை போன வாரம் அதே மரத்தில் மறுபடியும் ஏறியது. ஆயா வாசலில் நின்று ஒவ்வொரு வீட்டுக் கதவையும் சாத்தச் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டது. கோணி சுற்றிய ஏணியை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. பகலில் அதன்மேல் அணில்கள் ஓடுகின்றன.