வட்டார வரலாற்று மையத்துல வட்டாரம் எங்க இருக்கு?

இரணியல்காரன்:
போன சனிக்கிழமை நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கல்லூரியில வட்டார வரலாறு, அரசியல் ஆய்வு மையம் கருத்தரங்கு நடத்துச்சு. போயிருந்தேன். பேரு சொல்ல மாட்டேன், சாயாவும் பழம்பொரியும் தந்த இடம். குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை எல்லாம் முடிஞ்சு முதல் கட்டுரை தொடங்கும்போது மணி பன்னிரண்டே கால். கட்டுரைக்கு எட்டு நிமிஷம்.

தமிழ்நாட்டோட சேரணும்னு போராடினவங்க மேல 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டம், புதுக்கடையில நடந்த துப்பாக்கிச்சூடு பத்தி ஒரு பையன் வாசிச்சான். "தம்பி, புதுக்கடைக்குப் போய் யாரையாவது பாத்துப் பேசினியா?"ன்னு கேட்டேன். "இல்ல சார், புஸ்தகங்கள வச்சுதான் பண்ணினேன்"னான். மார்த்தாண்டத்துல பஸ் ஏறினா ஒரு குட்டித்தூக்கம் போடுறதுக்குள்ள புதுக்கடை வந்திரும்.

நான் விளவங்கோடு தாலுகாவுல விஏஓவா இருந்தவன். பழைய மலையாளப் பிரமாணத்த, அதாவது பத்திரத்த, மடக்கி மஞ்சப்பையில வச்சுக்கிட்டு, "சாரே, இதுல என்ன எழுதியிருக்கு"ன்னு வந்து நிக்கிற ஆளுகள வாரம் ரெண்டு பேராவது பாத்திருக்கேன். 1956 நவம்பர் 1ல நாம திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேர்ற வரைக்கும் சர்க்கார் காகிதம் பெரும்பாலும் மலையாளம்தான். அந்த மையத்துல மலையாளம் வாசிக்க ஒருத்தராவது உண்டான்னு கேட்டேன். இல்ல. அப்ப யாருக்கு இந்த மையம்? சர்டிபிகேட்டுக்கா?

ஓலைக்காரி:
நான் அந்த மையத்து ஆளில்ல சார். ஆனா அதே மாதிரி ஒரு இடத்துல முழுநேர ஆய்வு மாணவி. கேட்டது நியாயம், அந்தப் பையனைக் கேட்டதுதான் நியாயமில்ல. அவனுக்கு உதவித்தொகை வருதான்னு கேட்டீங்களா?

மலையாளம் தெரிஞ்சா போதும்னு நினைக்கிறீங்க. எனக்குத் தெரியும், மூணு வருஷமா படிக்கிறேன். திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலோட பழைய ஆவணமான மதிலகம் ஓலைகளோட படத்த முதல்ல பாத்த அன்னைக்கு ஒரு வரி ஓடல. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மைன்னு பழைய எழுத்து எல்லாம் ஒரே கட்டுக்குள்ள மாறி மாறி வரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஓலையையும் நம்ம ஏடு மாதிரி அடுக்கி வச்சிருக்க மாட்டாங்க, பாய் மாதிரி சுருட்டி வச்சிருப்பாங்க. அதுக்குப் பேரே சுருணை. கணக்கு வந்தா இன்னும் மோசம்: மா, காணி, முந்திரி. முந்திரின்னா 320ல ஒரு பங்கு. அத முழு எண்ணுன்னு வாசிச்சு ஒரு கோயில் நெல்வரவை நான் மலையாட்டம் ஏத்தி வச்சிட்டேன். ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரு சிரிச்சுக்கிட்டே திருத்தித் தந்தாரு.

மூணு மாசம் உக்காந்தா நாலு பக்கம் கிடைக்கும். நாலு பக்கத்துக்கு யாரும் மார்க் போட மாட்டாங்க. அந்தப் பையன் புஸ்தகத்த வச்சு எழுதாம வேற என்ன செய்வான்?

மார்த்தாண்டம்_மணி:
ரெண்டுபேரும் ஓலையப் பிடிச்சு இழுக்காதீங்க ஓய். ஓலை இன்னும் நூறு வருஷம் கெடக்கும், ஆளு கெடக்க மாட்டான். 1954ல 15 வயசுன்னா இப்ப 85 தாண்டியாச்சு. எனக்க மாமாவுக்கு அன்னைக்கு பத்து வயசு. சத்தம் கேட்ட ஒடனே அவரோட அம்மை புள்ளையள இழுத்துட்டு மரச்சீனி விளைக்குள்ள போய்ப் படுத்தாச்சாம். சாயங்காலம் வரை தண்ணி குடிக்கல்ல. எறும்பு கடிச்சது மட்டும் இன்னைக்கும் சொல்லுவாரு. எந்தப் புஸ்தகத்துல இருக்கு அந்த எறும்பு? மையத்துல ரெண்டு பிள்ளையளுட்ட ஆளுக்கொரு செல்போனைக் குடுத்து, முன்சிறை, புதுக்கடை, குழித்துறை பக்கமா அனுப்பட்டும். முதல் வேலை அதுதான்.

கொல்லமாண்டு:
மணி, வாய்மொழி வேணும்தான், ஆனா அத வேதமாக்காதீங்க. எங்க தாத்தாவ நான் பதிவு பண்ணினேன். போராட்டத் தலைவர் நேசமணி பேசின கூட்டம், போலீஸ் வண்டி எல்லாம் கண்ணால கண்ட மாதிரி சொன்னாரு. பின்னால பாத்தா அதுல பாதி ஒரு விழா மலர்ல அச்சடிச்சது, வரி மாறாம. அவரு பொய் சொல்லல. எழுபது வருஷமா மேடையில கேட்டது உள்ளுக்குள்ள ஊறிப்போச்சு. செத்தவங்க எண்ணிக்கையே ஆளுக்கு ஆள் மாறுது.

எனக்கு அந்த மையத்து மேல உள்ள சந்தேகம் வேற. பேருல 'அரசியல்'னு இருக்கு, ஆனா நம்ம ஊரு அரசியல எவனும் தொட மாட்டான். போராட்டத்த நடத்தின திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1948 தேர்தல்ல 14 இடம் ஜெயிச்சது தமிழ் உணர்ச்சியால மட்டுமா? நிலம் யாருட்ட இருந்துச்சு, குத்தகைக்காரன் யாரு, போலீஸ்ல யாரு, எந்தச் சாதி எந்தப் பக்கம் நின்னுச்சு? இதை ஒரு கட்டுரை கேக்கட்டும் பாப்போம். மறுநாளு கல்லூரி வாசல்ல ரெண்டு சங்கம் வந்து நிக்கும். அதனாலதான் எல்லாரும் "எல்லைப் போராட்டத் தியாகிகள்"னு தொடங்கி அதுலயே முடிச்சிடுறாங்க.

மார்த்தாண்டம்_மணி:
> அத வேதமாக்காதீங்க

யாரு ஆக்கினா? விழா மலர்ல வந்ததக் கழிச்சா மிச்சம் எறும்பு நிக்கும்லா, அது போதும் எனக்கு. அரசியல் வேணும்னா சோஷலிஸ்ட் தலைவர் லோகியாவ எடுக்கட்டும். அன்னைக்கு திருவிதாங்கூர்-கொச்சியில பட்டம் தாணு பிள்ளை மந்திரிசபை லோகியாவுக்க கட்சி. சொந்தக் கட்சி சர்க்காரு சுட்டதுக்கு ராஜினாமா பண்ணுன்னு கட்சிப் பொதுச்செயலாளரா இருந்த லோகியாவே கேட்டாரு, தாணு பிள்ளை மாட்டேன்னாரு, கடைசியில கட்சியே ஒடஞ்சாச்சு. டெல்லி வரைக்கும் போன விஷயம், நம்ம புள்ளையளுக்குத் தெரியாது.

முட்டத்துக்காரி:
எல்லாரும் மலையாளம், வட்டெழுத்துன்னு பேசுறீங்க. கடற்கரைன்னு ஒண்ணு இந்த மாவட்டத்துல இருக்குறது ஞாபகம் இருக்கா? எங்க கதை பாதி போர்த்துகீசிய மொழியில கெடக்கு. 1544ல சவேரியார் ஒரே மாசத்துல பத்தாயிரம் பேருக்கு மேல ஞானஸ்நானம் குடுத்ததா எழுதின கடிதம் உண்டு. அந்தப் பத்தாயிரம் பேரும் என்ன நெனச்சாங்கன்னு எவனும் எழுதல.

1741 குளச்சல் போர்னா உங்களுக்கு மார்த்தாண்ட வர்மா ராஜாவும் டச்சுத் தளபதி டிலனாயும். எங்க ஊர்ல கதை வேற. ஆளு காணாதுன்னு எங்க ஆம்பளைங்க துடுப்பைத் தோள்ல சாய்ச்சு வரிசையா நின்னாங்களாம். கடல்ல இருந்து டச்சுக்காரன் பாத்து, அம்மாடி எவ்வளவு துப்பாக்கின்னு பயந்தானாம். நடந்துச்சா இல்லையான்னு மையத்துக்காரங்க சொல்லட்டும். அதுக்கு முதல்ல வந்து கேக்கணும்.

கொல்லமாண்டு:
துடுப்புக் கதைக்கு டச்சுக்காரன் காகிதத்துல ஆதாரம் இருக்கா அக்கா?

முட்டத்துக்காரி:
டச்சு படிக்கத் தெரிஞ்ச ஆள நீ கூட்டிட்டு வா, நான் மீன்குழம்பு வச்சுத் தாறேன். ரெண்டுபேருமா தேடுவோம்.

இரணியல்காரன்:
அப்படி வாங்க வழிக்கு. இப்ப எண்ணிப் பாருங்க. மதிலகம் ஓலை திருவனந்தபுரத்துல. லண்டன் மிஷன் சங்கத்துக்காரங்க மயிலாடியில இருந்தும் நாகர்கோவில்ல இருந்தும் எழுதின கடிதங்க லண்டன்ல. பெண்கள் மேலாடை போட உரிமை கேட்ட தோள்சீலைக் கலகம் பத்தி எழுதணும்னா அந்தக் கடிதங்க இல்லாம முடியாது. டச்சுக்காரன் காகிதம் சென்னையிலயும் ஹாலந்துலயும். பத்மநாபபுரம் அரண்மனை நம்ம தக்கலைக்குப் பக்கத்துல, சாவி கேரள சர்க்காருட்ட. நம்ம மாவட்டத்து வரலாறு நம்ம மாவட்டத்துல மட்டும்தான் இல்ல.

அதனால மையம் வேண்டாம்னு நான் சொல்லல. கவிமணி எந்த மையத்துல இருந்தாரு? வாத்தியாரு. அழகியபாண்டிபுரம் முதலியார் ஓலைகள வெளிய கொண்டுவந்தாரு, காந்தளூர்ச் சாலை பத்தி ஆராய்ஞ்சாரு. கருத்தரங்கு பையும் பேனாவும் இல்லாம செஞ்சாரு.

ஓலைக்காரி:
கவிமணியச் சொன்னா எல்லாரும் வாய மூடிக்குவோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்க சார். ஆனா அவரு கண்டத அச்சுல போட அன்னைக்கு ஒரு கேரள சொசைட்டி இருந்துச்சு. அதுக்கு முன்னாலயே, 1910ல, கோபிநாத ராவ வச்சு கல்வெட்டு, செப்பேட்ட எல்லாம் வரிசையா அச்சுப் போடத் தொடங்கினது திருவிதாங்கூர் சர்க்காரு. சம்பளம் குடுத்து ஆள் வச்சிருந்தாங்க. நாம கவிமணி மாதிரி தியாகத்த மட்டும் இந்தப் பிள்ளைங்கட்ட எதிர்பாக்குறோம், சம்பளத்தப் பத்திப் பேச மாட்டோம்.

பார்த்திவபுரம் எங்க இருக்கு? மணி அண்ணன் சொல்ற அதே முன்சிறை பக்கம். 866ல ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்க ஒரு சாலை, அதாவது கல்விக்கூடம், வச்சு 95 சட்டருக்கு, அதாவது மாணவங்களுக்கு, சாப்பாடும் இடமும் எழுதிக் குடுத்திருக்கான். அந்தச் செப்பேட்ட ஆய்வு உலகத்துல ஹுசூர் ஆபீஸ் செப்பேடும்பாங்க, திருவனந்தபுரத்து ஆபீஸ் பேரு. ஊரு பேரு கூட அதுல ஒட்டல.

மார்த்தாண்டம்_மணி:
95 பேருக்குச் சோறா! அப்ப ஃபெல்லோஷிப்பு நம்மூர்ல 866லயே வந்தாச்சு. இடையில எங்கயோ நின்னு போச்சு.

கொல்லமாண்டு:
95 பேரும் எந்தச் சாதின்னு கேளுங்க மணி. சோறு எல்லாருக்கும் போடல.

மார்த்தாண்டம்_மணி:
ஓய், ஒரு நிமிஷம் சிரிக்க விட மாட்டீரா.

நெறியாளர்:
குமரிக்கண்டம் பத்தி ஒரு நண்பர் போட்ட பதினேழு பதிவ வேற இழைக்கு மாத்தியிருக்கேன். இங்க தொடருங்க.

இரணியல்காரன்:
தங்கச்சி, சம்பளம் பத்திச் சொன்னது சரிதான். அந்தப் பையன நான் அவ்வளவு பேரு முன்னால கேட்டிருக்கக் கூடாது. ஆனா சர்டிபிகேட் விஷயத்துல நான் எறங்கி வர மாட்டேன். கருத்தரங்கு பை 200, பேர் அட்டை 200, வாசிக்கத் தெரிஞ்ச ஆளு பூஜ்யம். அந்தப் பை வாங்கின காசுல ஒரு வாத்தியாருக்கு வாரம் ஒரு நாள் பஸ் கூலி குடுத்து எழுத்து சொல்லிக் குடுக்க வைக்கலாம். நானும் சும்மா வருவேன், பழைய நில செட்டில்மெண்ட் பதிவேடு எப்படி வாசிக்கணும்னு காட்டித் தர.

முட்டத்துக்காரி:
அதெல்லாம் நடக்கட்டும். எங்க வீட்டுப் பெட்டியில இருந்த ஒரு காகிதத்தோட போட்டோ போட்டிருக்கேன், பாருங்க. மேல சங்கு முத்திரை, எழுத்து மலையாளம். பாட்டி இது நம்ம தென்னந்தோப்பு விலையோலைன்னு சொல்லுவாங்க. அந்தத் தோப்ப பத்தி மாமா வீட்டோட முப்பது வருஷமா பேச்சுவார்த்தை இல்ல.

ஓலைக்காரி:
ரெண்டாவது வரி கரையான் தின்னிருக்கு. முதல் வரி தெளிவா இருக்கு: கொல்லம் 1078, கன்னி மாசம். அதாவது 1902 செப்டம்பர், அக்டோபர். கீழ சக்கரத்துல, அதாவது திருவிதாங்கூர் காசுல, தொகை இருக்கு. இது வித்த விலையோலை இல்லக்கா. ஒற்றி, அடமானம். யாரு யாருக்கு ஒற்றி வச்சாங்கன்னு தெரியணும்னா அடுத்த பக்கமும் வேணும்.

முட்டத்துக்காரி:
அடுத்த பக்கம் மாமா வீட்டுல இருக்கு.