டின்னர் செட் வாங்கலாமா, ஊரிலிருந்து எவர்சில்வர் கொண்டுவரச் சொல்லலாமா?

கேள்வி:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம்தான் மான்செஸ்டர் வந்து சேர்ந்தோம். நான், கணவர், நாலு வயதுப் பையன். வாடகை வீடு, சாமான் எதுவும் கிடையாது. இப்போதைக்கு நாலு பிளாஸ்டிக் தட்டும் இரண்டு மக்கும்தான். சூப்பர்மார்க்கெட்டில் 16 பீஸ் டின்னர் செட் தள்ளுபடியில் கிடக்கிறது, எடுத்துவிடலாமா? விருந்தாளி வந்தால் வைக்க நல்லதாய் ஒரு பீங்கான் செட்டும் வேண்டும். கணவருடைய மேனேஜர் குடும்பத்தை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட வேண்டியிருக்கிறது. "இங்கிலாந்து பீங்கான்னா சும்மாவா, நல்லதாப் பார்த்து வாங்கு" என்று மாமியார் வேறு தினமும் போனில். அம்மா பிப்ரவரியில் வருகிறார். ஊரிலிருந்து என்ன கொண்டுவரச் சொல்லட்டும்?

பதில்:

அந்த 16 பீஸை எடுக்காதீங்க தங்கச்சி. நான் வந்த வருஷம் எடுத்தேன், அதனால் சொல்கிறேன்.

16 பீஸ் என்றால் கணக்கு இதுதான்: பெரிய தட்டு 4, சின்னத் தட்டு 4, கிண்ணம் 4, மக் 4. பெரிய தட்டு சுமார் 27 சென்டிமீட்டர், சப்பட்டை. அதில் ரொட்டியும் வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும் வைத்து, மேலே கொஞ்சம் கிரேவி ஊற்றி, கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிடுகிறவர்களுக்குச் செய்தது அது. நாம் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, குழம்பு ஊற்றிப் பிசைகிறோம். பிசைந்த சோற்றை விரலால் அணைத்து எடுக்க ஓரத்தில் ஒரு சுவர் வேண்டும். சப்பட்டைத் தட்டில் அந்தச் சுவர் கிடையாது. சாம்பாராவது பரவாயில்லை, ரசம் சாதம் தட்டைவிட்டு மேசைக்கு இறங்கிவிடும். சின்னத் தட்டு தோசைக்குப் பற்றாது, வடைக்கு அதிகம். கிண்ணம் சீரியலுக்கு. எங்கள் வீட்டில் அந்தச் சின்னத் தட்டுகள் நாலும் பல வருஷமாகப் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கின்றன.

இங்கே கடைகளில் 'பாஸ்தா பவுல்' என்று ஒன்று விற்பார்கள். 22 முதல் 24 சென்டிமீட்டர் அகலம், நாலு விரல்கடை ஆழம் இருக்காது, ஆனால் ஓரம் நன்றாக ஏறி நிற்கும். நம் சாப்பாட்டுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். விளிம்பு அகலமாகப் படர்ந்த தொப்பி மாதிரியானதை எடுக்காதீர்கள். அதில் பாதி இடம் விளிம்புக்கே போய்விடும். ஓரம் நேராக மேலேறுவதாகப் பாருங்கள். இதில் ஆறு, தோசை சப்பாத்திக்குச் சப்பட்டைத் தட்டு மூன்று, தயிருக்கும் கூட்டுக்கும் சின்னக் கிண்ணம் ஆறு. செட்டாக வேண்டாம், உதிரியாக வாங்குங்கள். ஐகியா மாதிரிக் கடைகளில் வெறும் வெள்ளையில் ஒவ்வொன்றாகவே கிடைக்கும். ஒன்று உடைந்தால் ஒன்று வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். பூப்போட்ட தள்ளுபடி செட்டில் ஒன்று உடைந்தால் அடுத்த வருஷம் அந்தப் பூவே இருக்காது.

வாங்கப் போகுமுன் சமையலறை மேல் அலமாரியின் உள்ளளவை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். இங்கே பெரும்பாலும் அது 30 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். அகலத் தட்டு வாங்கிவிட்டுக் கதவு சாத்தாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். (நான்தான்.)

என்ன மண் என்பதும் முக்கியம். 'எர்த்தன்வேர்' குறைந்த சூட்டில் சுட்டது. மேலே கண்ணாடிப் பூச்சு, உள்ளே நம் ஊர் ஓடு மாதிரி தண்ணீர் குடிக்கும் மண். பார்க்க அழகு, ஓரம் சீக்கிரம் மூளியாகும். மூளியான இடத்தில் தண்ணீர் இறங்கினால் மைக்ரோவேவில் சாப்பாட்டுக்கு முன்னால் தட்டு கொதிக்கும். 'ஸ்டோன்வேர்' கனம், உறுதி. 'போர்சிலின்' 1,200 டிகிரிக்கு மேல் சுடுவது. மெல்லிசு, தண்ணீர் இழுக்காது, விலையும் இப்போது அதிகமில்லை. தினப்படிக்குப் போர்சிலின்தான் என் கட்சி. அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்கள் 'கோரெல்' என்பார்கள், 1970-ல் வந்த மூன்றடுக்குக் கண்ணாடித் தட்டு. இலேசு, அடுக்கினால் இடமே பிடிக்காது, சுலபத்தில் உடையாது. உடைகிற அன்று மட்டும் சமையலறை முழுக்கக் கூர்கூராய்ச் சிதறும். நாலு வயதுப் பையன் வெறுங்காலோடு ஓடுகிற வீட்டில் அதை யோசித்து வாங்குங்கள்.

பையனுக்கு மெலமின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் தட்டு வாங்கியிருந்தால் மைக்ரோவேவில் வைக்க வேண்டாம், கொதிக்கக் கொதிக்க ரசமும் ஊற்ற வேண்டாம். 70 டிகிரிக்கு மேல் சூடான உணவுக்கு அது ஆகாது என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு நிறுவனமே சொல்லியிருக்கிறது. அவனுக்கு எவர்சில்வர்தான் சரி.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது அதைத்தான். விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டு இருபது, டம்ளர் இருபது. ஏன் இருபது? இங்கே செட்டெல்லாம் நாலு, ஆறு, எட்டு என்று வரும். வெள்ளைக்காரர் வீட்டு விருந்துக்கு ஆறு பேர் என்றால் ஆறு பேர்தான் வருவார்கள். நம் வீட்டுப் பொங்கலுக்கு எட்டுப் பேரைக் கூப்பிட்டால் பதினேழு பேர் வருவார்கள், அதில் ஐந்து குழந்தைகள். அந்தக் கூட்டத்துக்கு எந்த பிராண்டும் செட் போடவில்லை. எவர்சில்வர் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்து ஒரு சாண் உயரத்தில் அடங்கும், பெட்டியில் பீங்கான் அளவுக்கு எடையும் இழுக்காது, டிஷ்வாஷரிலும் போடலாம். பேர் வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருக்கிற மாணவர்களுக்கும் இதையே சொல்வேன்: பொதுச் சமையலறையில் 'இது யார் தட்டு' என்ற சண்டையே வராது.

எவர்சில்வருக்கு இங்கே ஒரு குறை உண்டு. ஜனவரிக் குளிரில் அதில் போட்ட சோறு நாலாவது கவளத்தில் ஆறிப்போகும். பீங்கான் தட்டை ஓவனில் கொஞ்சம் சூடாக்கிவிட்டுப் பரிமாறினால் கடைசி வரை இளஞ்சூடு இருக்கும். இந்த ஊர்க்காரர்களிடம் நான் கற்ற நல்ல பழக்கம் அது.

இனி உங்கள் மாமியார் விஷயம். அவர் சொல்வதில் தப்பில்லை. இங்கிலாந்துப் பீங்கானின் தாய்வீடு ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட். நான் இருக்கிற ஊர், உங்களுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெட்ஜ்வுட் என்ற பீங்கான் நிறுவனம் 1759-ல் தொடங்கியது இங்கேதான், ஸ்போட் 1770-ல். உலைகள் பல அணைந்துவிட்டன, ஆனாலும் ஹான்லியில் எம்மா பிரிட்ஜ்வாட்டர், பர்ஸ்லெமில் பர்லி, பார்லஸ்டனில் வெட்ஜ்வுட் என்று தொழிற்சாலையை ஒட்டியே கடைகள் உண்டு. 'செகண்ட்ஸ்' என்று கேளுங்கள். பூச்சில் ஒரு புள்ளி, பூவில் ஒரு இதழ் கோணல், அவ்வளவுதான் குறை. விலை நன்றாக இறங்கியிருக்கும்.

ஆனால் முதல் வருஷமே ஃபார்மல் செட்டுக்குக் காசு போடாதீர்கள் என்பது என் கருத்து. எங்கள் அம்மா வீட்டில் ஷோகேஸ் ஒன்று இருந்தது. சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த தங்க விளிம்புக் கோப்பை ஆறு அதற்குள். முப்பது வருஷத்தில் யாரும் அதில் காபி குடித்துப் பார்த்ததில்லை. தீபாவளிக்கு ஒருமுறை துடைத்து வைப்போம். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊர்க் கிழவிகளும் அதே மாதிரிதான் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள் என்று. அவர்கள் காலமானதும் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். டிஷ்வாஷரில் போட்டால் தங்கம் போய்விடும், மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். மொத்தமும், தர்மத்துக்காகப் பழைய சாமான் விற்கிற சாரிட்டி ஷாப்புக்கு வந்துவிடுகிறது. 'ராயல் ஆல்பர்ட்', 'ராயல் டோல்டன்' முத்திரை போட்ட தட்டுகளை ஒன்று இரண்டு பவுண்டுக்கு எடுத்திருக்கிறேன்.

எடுக்கும்போது ஊரில் மண்பானை வாங்குகிற மாதிரியே விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் எடுக்கலாம். பொத்தென்று கேட்டால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. பிறகு விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பாருங்கள், மூளி தட்டுப்படும்.

மேனேஜருக்கு அந்த வெள்ளைப் பாஸ்தா பவுலே போதும். இல்லையென்றால் வாழையிலை போடுங்கள். தமிழ்க் கடைகளில் கிடைக்கும். நமக்கு ஃபார்மல் என்றால் அதுதானே. இலையில் சாப்பிட்ட ஆங்கிலேயர் எவரும் அதை மறந்து நான் பார்த்ததில்லை. அவர் ஸ்டோக்காரராக இருந்தால் மட்டும் உஷார். இந்த ஊர்க்காரர்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் தட்டைக் கவிழ்த்து அடியில் யார் முத்திரை என்று பார்ப்பார்கள், ஓட்டலில்கூட. சாம்பார் ஊற்றுமுன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொருவர் கேட்டது:

அண்ணா, நாங்கள் சுத்த சைவம். 'போன் சைனா' என்பதில் நிஜமாகவே எலும்பு இருக்கிறதா, இல்லை வெறும் பெயரா?

பதில்:

நிஜமாகவே இருக்கிறதம்மா, மாட்டு எலும்பு. எரித்துச் சாம்பலாக்கி மண்ணோடு கலக்கிறார்கள். 1790-களில் ஜோசையா ஸ்போட் இந்தக் கலவையைப் பக்குவப்படுத்தினார்: பாதி எலும்புச் சாம்பல், கால் பங்கு கார்ன்வால் வெள்ளைக் களிமண், கால் பங்கு கார்ன்வால் கல். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னால் விரல் நிழல் தெரிவதும், அந்தப் பால் வெள்ளையும் அதனால்தான். ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்தது, இனி எலும்பென்று எதுவும் இல்லை என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் அத்தை விஷயம் தெரிந்த அன்றே கோப்பையைக் கீழே வைத்துவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. பூஜை வைத்திருக்கிற வீடு, பெரியவர்கள் வந்து தங்குகிற வீடு என்றால் போர்சிலின், ஸ்டோன்வேர், கண்ணாடி எதுவும் வாங்கலாம். அவற்றில் எலும்பு கிடையாது. 'ஃபைன் சைனா', 'நியூ போன் சைனா' என்று எழுதியிருந்தால் பெயரை நம்பாமல் கடையில் கேட்டு வாங்குங்கள். சைவ நண்பருக்குப் புதுமனை விழாப் பரிசு வாங்கும்போதும் அடியில் திருப்பிப் படித்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வி:

வெள்ளைத் தட்டு வாங்கி ஒரே மாதம், மஞ்சள் கறை. மேலே பென்சிலால் கிறுக்கின மாதிரி சாம்பல் கோடுகள் வேறு. தட்டு மட்டமா?

பதில்:

மட்டமில்லை. மஞ்சள் கறையைக் கழுவிவிட்டு வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். இந்த ஊரில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், ஜன்னலோரம் இரண்டு நாள் வைத்தாலே குறையும். பளபளப்பில்லாத 'மேட்' தட்டு மட்டும் நம் சமையலுக்கு வேண்டாம், கறையை விடாது. சாம்பல் கோடு கீறலே அல்ல. எவர்சில்வர் கரண்டி உரசி உலோகம் தட்டின் மேல் படிந்தது. 'பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட்' பொடியை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். நன்றாகக் கழுவிவிடுங்கள்.

இன்னொரு கேள்வி:

சாரிட்டி ஷாப் பழைய தட்டில் ஈயம் இருக்கும் என்கிறார்களே?

பதில்:

ரொம்பப் பழையதில் இருக்கலாம். உணவுப் பீங்கானிலிருந்து ஈயமும் காட்மியமும் எவ்வளவு கசியலாம் என்று ஐரோப்பிய அளவில் வரம்பு வந்தது 1984-ல். அதற்கு முந்தையது என்று தோன்றினால், அதுவும் உள்பக்கம் அடர் சிவப்பு, ஆரஞ்சு வண்ணம் தீட்டியதோ பூச்சில் சிலந்திவலை மாதிரி வெடிப்பு விட்டதோ என்றால், பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளிக்குழம்பு, ரசம், ஊறுகாய், தயிர் அதில் கூடாது. புளிப்புதான் ஈயத்தை இழுக்கும். அடியில் நாட்டின் பெயரே இல்லையென்றால் 1891-க்கு முந்தையதாகக்கூட இருக்கலாம். அந்த வருஷம் முதல்தான் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் சரக்கில் நாட்டின் பெயர் கட்டாயமானது, 'இங்கிலாந்து' என்று அச்சிடும் வழக்கம் பரவியது.

முதலில் கேட்டவர்:

அண்ணா, சனிக்கிழமை ஸ்டோக் வந்தோம். ஹான்லியில் செகண்ட்ஸில் புள்ளி போட்ட மக் இரண்டு மட்டும், ஆசைக்கு. பாஸ்தா பவுல் மான்செஸ்டர் திரும்பி ஆறு வாங்கினோம். அலமாரியை அளந்துவிட்டுத்தான் போனேன், கதவு சாத்துகிறது. அம்மாவிடம் இருபது தட்டு சொன்னேன், பதினைந்துதான் தூக்க முடியும் என்கிறார். போகிற வழியில் சாரிட்டி ஷாப் ஒன்றில் நீங்கள் சொன்னபடி தட்டித் தட்டிப் பார்த்தேன். பையனும் பக்கத்தில் உட்கார்ந்து, கீழ் அடுக்கில் இருந்த அத்தனையையும் முட்டியால் தட்ட ஆரம்பித்துவிட்டான். கடையிலிருந்த பாட்டியம்மா திட்டுவார் என்று பயந்தால், எழுந்து வந்து அவன் கையில் இருந்த சாஸரை வாங்கிக் கவிழ்த்து, அடியில் இருந்த முத்திரையைக் காட்டி, அந்தத் தொழிற்சாலையில்தான் இருபது வருஷம் பூ ஒட்டினேன் என்றார். அதை மட்டும் வாங்கிவந்தோம். ஒற்றைச் சாஸர், கோப்பை இல்லை.