நீடாமங்கலத்து கூட்ஸ் வண்டியும் கடைசிப் பெட்டி கார்டும்

தஞ்சாவூர்–நாகப்பட்டினம் சாலையில் போய்வந்தவர்களுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்ஸ் வண்டி ஷன்டிங் நடந்தால், அதாவது வேகன்களை முன்னும் பின்னும் இழுத்துப் பாதை மாற்றிக்கொண்டிருந்தால், கேட் மூடியது மூடியதுதான். பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கி டீ குடித்து, கூட்ஸைத் திட்டிவிட்டுத் திரும்ப ஏறுவார்கள். நான் அந்த ஊரில் வளர்ந்தவன். எனக்கு அந்த வண்டியைத் திட்ட மனசு வராது. அதில் என்ன போகிறது, யார் ஏற்றினார்கள் என்று பார்த்தே வளர்ந்தவனுக்கு அது எப்படி வரும்?

போவது நெல். சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையங்களில் மூட்டை குவிந்துவிட்டால் ஸ்டேஷன் வாசலில் லாரிகள் வரிசை கட்டும். அங்கிருந்து வெளிமாவட்டங்களுக்கு அரவைக்காக ரயிலில் ஏற்றுவார்கள். முழு வண்டி என்றால் 42 வேகன், 2,000 டன். பேப்பரில் இதை ஒரு வரியில் போட்டு முடித்துவிடுவார்கள். மூட்டைக்கு 40 கிலோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 50,000 மூட்டை! அத்தனையும் மனிதர்களின் தலையிலும் முதுகிலும்தான் வேகனுக்குள் போகிறது.

வேகனுக்கு ஜன்னல் கிடையாது. வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டி அது. உள்ளே கால் வைத்தாலே மூச்சு முட்டும். அதற்குள் சும்மாடு கட்டிய தலையோடு நுழைந்து, இரண்டு ஓரத்திலிருந்தும் அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் கதவுக்கு நேரே நிரப்புவார்கள். நெல் சுணை வியர்வையோடு சேர்ந்தால் கழுத்தெல்லாம் தீயாய் அரிக்கும். நடுவில் மழை இறங்கிவிட்டால் ஆளுக்கொரு பக்கம் ஓடி லாரிகளுக்குப் படுதா இழுப்பார்கள். ரயில்வே கொடுத்த நேரத்துக்குள் ஏற்றி முடிக்காவிட்டால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும், அதனால் ராத்திரியிலும் வேலை நிற்காது. ரேஷன் அரிசியை அளந்து வாங்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கழுத்துகள்தான் ஞாபகத்துக்கு வரும்.

மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதை இருந்த காலத்தில் பாடு இன்னும் அதிகம். சின்ன வேகனில் ஏற்றிய சரக்கு அகலப் பாதை ஊருக்குப் போக வேண்டுமென்றால், இரண்டு பாதையும் சந்திக்கும் யார்டில் இறக்கி, பக்கத்து வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரே மூட்டைக்கு இரண்டு தடவை முதுகு கொடுக்க வேண்டியிருந்தது. பழைய மீட்டர் கேஜ் அழகை நானும் ரசிப்பவன்தான், ஆனாலும் அது போனது நல்லதுக்கே.

அப்புறம் கார்டு, கூட்ஸின் கடைசிப் பெட்டியான பிரேக் வேனில் தனியாகப் போகும் ரயில்வே ஊழியர். எங்கள் வீட்டுக் கொல்லை தண்டவாளத்தை ஒட்டியது. எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டு கூட்ஸ் பக்கத்து லூப் லைனில் ஒதுங்கி நிற்கும்போது பிரேக் வேன் சில நாள் எங்கள் வேலிக்கு நேரே வந்து நிற்கும். "தம்பி, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்று ஒரு கார்டு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அம்மா தண்ணீரோடு ஒரு சொம்பு மோரும் கொடுத்து அனுப்பினார். அவர் தன் இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, கை விளக்கு, தகர டப்பாவில் டெட்டனேட்டர்கள். வண்டி நடுவழியில் விபத்தில் சிக்கி நின்றுவிட்டால் அவர் பின்னால் நடந்துபோய் 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று என்று தண்டவாளத்தில் வைக்க வேண்டுமாம். பின்னால் வரும் வண்டியின் சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் நிறுத்திவிடுவார். நடு ராத்திரி, மழை, இருட்டு, எதுவானாலும் தனியாகத்தான் போக வேண்டும் என்றார்.

சிக்னல் விழுந்ததும் அவர் பேச்சை நிறுத்திக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏன் என்று சற்று நேரத்தில் புரிந்தது. முன்னால் இன்ஜின் இழுத்ததும் வேகன்களை இணைக்கும் கப்ளிங் ஒவ்வொன்றாக விறைத்து, அந்தச் சத்தம் வேகன் வேகனாகப் பின்னால் ஓடிவந்தது. கடைசியில் பிரேக் வேன் ஒரு வெட்டு வெட்டியது. கைப்பிடியைப் பிடிக்காதவர் விழுந்திருப்பார்.

இப்போது வண்டியின் வாலில் ஒரு கருவியைப் பொருத்தி, கார்டு இல்லாமலே கூட்ஸ் ஓட்டும் ஏற்பாடு வந்துகொண்டிருக்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. கடைசி வேகன் வரை வண்டி முழுதாக வருகிறதா என்பதைக் கருவி சொல்லிவிடும். நடுவில் ஒரு அச்சு சூடேறிப் புகைவதையும் கதவு திறந்து தொங்குவதையும் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை எடுத்துவிடுவதற்குப் பதில், பிரேக் வேன் எல்லாவற்றிலும் நல்ல விளக்கும் மின்விசிறியும் கழிவறையும் வைத்துக் கொடுக்கலாம். எத்தனையோ வருஷமாக அவர்கள் கேட்பதும் அதைத்தான்.