கோலச்சார்பு நோய், பொலிமுன் சோதனை: குதிரை வளர்ப்புக்கான சில சொற்கள்

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

குதிரைகளை இனப்பெருக்கத்துக்கு விடும் முன் செய்கிற மரபணுச் சோதனையைத் தமிழில் எப்படிச் சொல்வது, அச்சோதனை தேடுகிற நோய்களுக்கு என்ன பெயரிடுவது என்று இவ்விழையைத் தொடங்கிய நண்பர் கேட்டிருந்தார். அவர் முன்வைத்த 'மேனிநிறக் கோளாறு' என்ற சொல்லை மூவர் ஏற்று எழுதிவிட்டனர். குழுமத்தின் சொற்பட்டியலில் அது ஏறிவிடும் முன் என் மறுப்பைச் சற்று விரிவாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் நான் பல ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். அந்தச் சொல் செய்த தீங்கை நேரில் கண்டதால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

உச்சிப்புளிக்கு அருகே ஒருவர் எல்கைப் பந்தயத்துக்குக் குதிரை வளர்க்கிறார். அந்தியூர்ச் சந்தையில் அவர் வாங்கி வந்த செவலைப் பெட்டைக்கு நான்கு கால்களும் முழங்கால் வரை வெள்ளை. நெற்றியிலிருந்து மூக்கு வரை ஒரு வெள்ளைப் பட்டை. பஞ்சகல்யாணி என்று ஊரே வந்து பார்த்த குதிரை அது. யாரோ கொடுத்த நகல் கையேடு ஒன்றில் 'மேனிநிறக் கோளாறு உள்ள குதிரைகளை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற வரியை அவர் படித்திருக்கிறார். என்னை அழைத்துப்போய், குதிரையின் முன்னங்காலை மடக்கிப் பிடித்து, வெள்ளை முடியைக் கட்டைவிரலால் நீவி விலக்கி, அடியில் இருந்த இளஞ்சிவப்புத் தோலைக் காட்டி, "இது மத்த குதிரைக்கும் ஒட்டுமா டாக்டர்?" என்று கேட்டார். நான் விளக்கிச் சொல்வதற்குள் தரகரிடம் விலை பேசி முடித்துவிட்டிருந்தார். நோய் எதுவுமில்லாத அந்தக் குதிரை வாங்கியதில் பாதி விலைக்குப் போயிற்று. கையேட்டை எழுதியவர் தவறான செய்தி எதையும் எழுத எண்ணவில்லை; 'நிறக் கோளாறு' என்ற தொடர் நிறத்தையே கோளாறாக்கிவிட்டது.

இந்த நோய்களில் நிறம் வெறும் அடையாளம். நோய் பெரும்பாலும் வேறோர் உறுப்பில் இருக்கிறது. முதலில் அமெரிக்கப் பெயிண்ட் இனக் குதிரைகளில் காணப்படும் ஒரு கோலத்தை எடுத்துக்கொள்வோம். முதுகும் கால்களும் கருமையாக நிற்க, விலாவில் வெள்ளைத் திட்டு பரவி, படத்துக்குச் சட்டமிட்டது போலத் தோன்றும் இதைச் 'சட்டமறை' என்று அழைக்கலாம். இக்கோலத்தைத் தரும் மரபணு மாற்றம் ஈடிஎன்ஆர்பி என்னும் மரபணுவில் இருப்பதாக 1998இல் கண்டறிந்தார்கள். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மாற்றத்தைப் பெற்ற குதிரை நலமாக வாழும். இருவரிடமிருந்தும் பெற்ற குட்டி ஏறக்குறைய முழு வெள்ளையாக, பெரும்பாலும் நீலக் கண்களோடு பிறக்கும்; எழுந்து நிற்கும், பாலும் குடிக்கும்; ஆனால் பிறந்ததும் கழிய வேண்டிய முதல் மலமான காட்டுப்பீ வெளியேறாது. சில மணி நேரத்தில் வயிற்றுவலியால் புரளத் தொடங்கி ஓரிரு நாளில் இறந்துவிடும். கருவில் முதுகுத்தண்டு உருவாகும் இடத்தை ஒட்டித் தோன்றும் ஒரே கூட்டத்து உயிரணுக்களில் ஒரு பிரிவு தோலுக்குச் சென்று நிறமூட்டுகிறது. இன்னொரு பிரிவு குடலுக்குச் சென்று அதை அசைக்கும் நரம்பு முடிச்சுகளாகிறது. இம்மாற்றம் இரு பிரிவுகளின் பயணத்தையும் தடுத்துவிடுகிறது. ஆகவே குட்டி வெள்ளையாக இருப்பதும் குடல் அசையாதிருப்பதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். குட்டியைக் கொல்வது குடல்தான்.

நண்பர் ஒருவர் இதற்குச் 'சாவு வெள்ளை நோய்' என்று எழுதியிருந்தார். அதையும் கைவிடுமாறு வேண்டுகிறேன். வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகள் எல்லாமே இந்நோய் கொண்டவை அல்ல. வடநாட்டில் நுக்ரா என்று வழங்கும் குதிரைகள் பிறவியிலேயே வெள்ளை, நலமாக வாழ்கின்றன. வெள்ளை என்ற சொல்லுக்கு முன் சாவு என்ற சொல்லை ஒட்டிவைத்தால், பிழைக்கக்கூடிய குட்டிக்கும் பால் கொடுக்காமல் விட்டுவிடும் நிலை வரும். 'வெண்குட்டிக் குடல்முடக்கம்' என்றால் எந்த உறுப்பில் நோய் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பலூசா, நாப்ஸ்ட்ரப்பர் போன்ற இனங்களில் சிறுத்தைப் புள்ளிக் கோலத்தைத் தரும் டிஆர்பிஎம்1 மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குதிரைக்கு இருட்டில் கண் தெரியாது. இதைப் 'பிறவி மாலைக்கண்' என்றே எழுத வேண்டும்; அடைமொழியில்லாமல் மாலைக்கண் என்றால் நம்மவர்கள் கீரையும் மீனெண்ணெயும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவார்கள். கரிய குதிரையின் பிடரியை வெள்ளி போல் வெளுக்கச் செய்யும் மாற்றம் கண்ணில் நீர்க்கட்டிகளை உண்டாக்குகிறது. முகத்தில் பெரும் வெள்ளை படரச் செய்யும் சில மாற்றங்கள் செவிட்டுத்தன்மையோடு தொடர்புடையவை.

இவற்றுள் நம் ஊரில் நாள்தோறும் காணக் கிடைப்பது ஒன்று உண்டு. குழுமத்தில் 'சாம்பல் நிறக் குதிரை' என்று எழுதுகிறீர்கள். அது சாம்பல் நிறத்தில் பிறப்பதில்லை. கறுப்பாகவோ செவலையாகவோ பிறந்து, மனிதத் தலை நரைப்பது போல ஆண்டுக்கு ஆண்டு வெளுத்து வருவது. ஆகவே அதற்கு 'நரைக்குதிரை' என்பதே பொருத்தமான பெயர். புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. இராமேசுவரத்தில் முன்பு வண்டி இழுத்து ஓய்ந்த ஒரு கிழக்குதிரையை மருந்திடக் கொண்டுவந்தார்கள். உடல் முழுதும் பால்வெள்ளை. வாலைத் தூக்கியதும், வாலடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் நாவற்பழம் கொத்தாக ஒட்டியது போலக் கரிய முடிச்சுகள் தெரிந்தன. விரல் வைத்தால் கல் போலக் கெட்டி. அவை நிறமி உயிரணுக்களில் எழுந்த கட்டிகள். 15 வயதைத் தாண்டிய நரைக்குதிரைகளில் இவை மிகவும் பரவலானவை. நரைக்கு எஸ்டிஎக்ஸ்17 மரபணுவில் ஒரு துண்டு இரட்டித்திருப்பதே காரணம் என்று 2008இல் வெளியிட்டார்கள். அத்துண்டு இரண்டாக இருந்தால் நரை மெதுவாகவும் மூன்றாக இருந்தால் விரைவாகவும் ஏறும் என்பது அண்மையில் தெளிவாகியுள்ளது. இந்த எண்ணிக்கையைச் சற்று நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

இவ்வளவையும் ஒரு பெயருக்குள் அடக்க 'கோலச்சார்பு நோய்' என்பதை முன்வைக்கிறேன். கோலம் என்பதற்கு வடிவம் மட்டுமல்லாமல் நிறம், அழகு ஆகிய பொருள்களும் அகராதிகளில் உண்டு. எனவே திட்டு, புள்ளி, நரை, வெளுப்பு எல்லாவற்றையும் அது தாங்கும். 'பால்சார்ந்த மரபு' என்ற பாடநூல் தொடர் பழகிப்போனதால் 'சார்பு' என்பதன் பொருளும் எளிதில் விளங்கும். மேனிச்சார்பு என்று வைத்தால் தோல்நோய் என்றே கொள்வார்கள். காளைகளைச் செம்மறை, கருமறை என்று சொல்லும் வழக்கை நினைத்து 'மறைச்சார்பு' என்றும் எண்ணிப் பார்த்தேன். திட்டுக்கு அது மண்ணோடு ஒட்டிய சொல். ஆனால் ஒளிந்திருப்பது என்ற பொருளும் அதில் இருப்பதால், ஒடுங்கு பண்பு (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுவது) பற்றிய பேச்சில் பெருங்குழப்பம் நேரும். சட்டமறை போன்ற தனிக் கோலங்களின் பெயரில் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, மாற்றத்தை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்ற குதிரைக்கு என்ன பெயர் என்பது. என்னை மிக நீண்ட நாள் அலைக்கழித்த சொல் இதுதான். 'கடத்தி' என்றால் கொசுவைப் போல நோயைப் பரப்புவது என்று பொருள்படுகிறது. உச்சிப்புளிக்காரர் "ஒட்டுமா" என்று கேட்டதும் அந்த அச்சத்தில்தான். பாக் நீரிணைக்கு அக்கரையில் வழங்கும் 'காவி' சுமத்தலைக் குறிக்கும் நல்ல வேர் உடையது, காவடியும் அதிலிருந்தே வருகிறது; ஆயினும் நிறங்களைப் பற்றிய கட்டுரையில் 'காவிக் குதிரை' என்று எழுதினால் செம்மண் நிறக் குதிரை என்றுதான் படிப்பார்கள். அம்மையார் ஒருவர் பரிந்துரைத்த 'ஒற்றைப்படி, இரட்டைப்படி' (படி என்றால் இங்கே நகல்) என்பவை கணக்குப் பாடத்து ஒற்றைப்படை, இரட்டைப்படையோடு மயங்கும். அதைவிடப் பெரிய இடர் மேலே சொன்ன நரையில் வருகிறது. ஒரே நிறப்புரியில் (குரோமோசோமில்) துண்டு மூன்றாக நிற்கும் குதிரையை முப்படி என்பதா, ஒற்றைப்படி என்பதா? ஒரு நிறப்புரிக்குள் துண்டு எத்தனை முறை வருகிறது என்பதும், மாற்றம் எத்தனை பெற்றோரிடமிருந்து வந்தது என்பதும் வெவ்வேறு கணக்குகள்.

இதற்கு விடை எனக்கு நூல்களிலிருந்து கிடைக்கவில்லை. இவற்றையெல்லாம் அதே குதிரைக்காரரிடம் பின்னொரு நாள், கொள்ளு ஊறிக்கொண்டிருந்த தொட்டியருகே உட்கார்ந்து விளக்கியபோது, அவர் சற்று யோசித்துவிட்டு, "ஆத்தா வழியில மட்டும் வந்தா ஒண்ணும் செய்யாது, அப்பன் வழியிலயும் சேந்து வந்தாத்தான் ஆபத்து. அப்படித்தான டாக்டர்?" என்றார். தாய்வழி, தந்தைவழி என்று சொத்தையும் உறவையும் சொல்லிப் பழகிய மொழியில், மரபணுவையும் வழியால் சொல்வதே இயல்பு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பெற்றோரிடமிருந்து பெற்றதை 'ஒருவழிப்பேறு' என்றும், இருவரிடமிருந்தும் பெற்றதை 'இருவழிப்பேறு' என்றும் வழங்கலாம். சட்டமறை ஒருவழிப்பேறானால் கோலம் மட்டும், இருவழிப்பேறானால் குடல்முடக்கம். இரண்டு ஒருவழிப்பேற்றுக் குதிரைகளைச் சேர்த்தால் பிறக்கும் குட்டி இருவழிப்பேறாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. இந்தச் சொற்கள் எதையும் கோளாறு என்று பழிப்பதில்லை. எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கின்றன.

சோதனையின் பெயருக்கு 'பொலிமுன் மரபணுச் சோதனை' என்று பரிந்துரைக்கிறேன். பொலிகாளை, பொலிகடா, பொலிகுதிரை என்று உழவரும் ஆட்டுக்காரரும் இன்றும் சொல்கிறார்கள். 'இனப்பெருக்கத்துக்கு முந்தைய' என்று நீட்டுவதைவிட இது தெளிவானது. குதிரைக்கென்று தனிச்சொல் இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பாண்டியர் இக்கரைக்கு அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகளை வரவழைத்தனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, நல்ல குதிரைகளைச் சேர்த்தாலும் இந்நாட்டில் கோணல் காலுடைய குட்டியே பிறக்கிறது என்று எழுதிவைத்தார். வாங்கியே பழகிய கரை இது. அதனால்தான் சுழி பார்ப்பதற்கும் பல் பார்ப்பதற்கும் நம்மிடம் சொல் குவிந்து கிடக்கிறது. குட்டி எடுப்பதற்கான சொற்களை மாட்டுக் கொட்டிலிலிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கிறது. கடன் வாங்குவதில் குறை ஒன்றுமில்லை.

சுழியைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சோதனை முடிவு ஒரு புதிய கெட்ட சுழியாக மாறிவிடக் கூடாது என்பதே என் முதன்மையான கவலை. ஒருவழிப்பேறு என்று முடிவு வந்த குதிரையைத் தள்ள வேண்டியதில்லை. அதே மாற்றம் இல்லாத துணையோடு சேர்த்தால் போதும், இருவழிப்பேற்றுக் குட்டி பிறக்காது. வெளித்தோற்றத்தை மட்டும் நம்பவும் முடியாது. சட்டமறை மாற்றம் இருந்தும் உடலில் திட்டே தெரியாத குதிரைகள் உண்டு. அரபுக் குதிரைகளில் எம்ஒய்ஓ5ஏ மரபணுவில் உள்ள ஒரு மாற்றம் இருவழிப்பேறானால், குட்டி வெளிறிய முடியோடு பிறந்து, எழுந்து நிற்கவும் முடியாமல் வலிப்பு கண்டு இறக்கும். ஆனால் அதன் பெற்றோரிடம் எந்த அடையாளமும் இருக்காது. சோதனை தேவைப்படுவது இதனால்தான். ஊசி குத்தவும் வேண்டியதில்லை. பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ வேரோடு பிடுங்கிய 20 முதல் 30 மயிர்களை உறையிலிட்டு அனுப்பினால் போதும்.

எங்கள் பகுதிக் குதிரைக்காரர்களுக்காக நான் எழுதும் துண்டறிக்கையில் இச்சொற்களைப் பின்வருமாறு கையாண்டிருக்கிறேன்: 'கோலச்சார்பு நோய்களுக்கான பொலிமுன் சோதனையில் உங்கள் பெட்டைக்கு ஒருவழிப்பேறு என்று வந்தால், அதே நோய்க்கு ஒருவழிப்பேறோ இருவழிப்பேறோ உள்ள பொலிகுதிரையோடு அதைச் சேர்க்க வேண்டாம்.' உச்சிப்புளிக்காரர் இதை ஒருமுறை படித்துவிட்டு எனக்கே திருப்பிச் சொன்னார், பொருள் பிசகவில்லை. 'ஒருவழிப்பேற்றுக் குதிரை' என்று இரட்டித்து எழுதுவதா, 'ஒருவழிப்பேறுக் குதிரை' என்று விடுவதா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் தெரிவித்தால், அச்சுக்குக் கொடுக்கும் முன் திருத்திக்கொள்வேன்.